சாளையில ஒரு ராத்திரி படுத்தவங்க

மாடு கட்டுற சாளைய மனுசன் தங்குற ரூமா மாத்தோணும்னு பூவாத்தா சொன்னப்ப அவ புருசன் நாச்சிமுத்து ஒத்தை வார்த்தை எதுத்துப் பேசல. ஏன்னா பொள்ளாச்சிப் பக்கத்துல அந்த வருசம் தென்னைக்கு வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கரி பூசுனாப்பல நின்னுச்சு, தோப்பு வெச்சிருந்தவன் பூராவும் கோழிக்கூண்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் வெள்ளையடிச்சு 'இயற்கையோடு தங்குங்கள்'னு போர்டு மாட்டிட்டிருந்தான். எங்கூர்ல ஒருத்தன் கக்கூஸுக்குக்கூட மாட்டிப் பாத்தான், அதுல தங்கத்தான் ஆளு வரல.

ஆனா பூவாத்தா நெனப்பு வேற. அவளுக்கு ஒரே புள்ள, தாரணி. மூணு வருசத்துக்கு முன்னால திருப்பூருக்கு வேலைக்குப் போன எடத்துல பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் சகாயராஜைக் கட்டிக்கிட்டா. அவன் வேற சாதி, வேற சாமி. சேதி வந்த அன்னைக்கு நாச்சிமுத்து வாய்க்கால்ல போய்த் தலை முழுகிட்டு, வேட்டி சொட்டச் சொட்ட வந்து, சொந்தபந்தம் அத்தனையும் பாக்க வாசல்ல நின்னு சொன்னாரு: "இந்த வூட்டு வாசப்படிய அவ கால் மிதிச்சா அன்னைக்கே நான் இந்த ஊர்ல இல்லை." எல்லாரும் தலைய ஆட்டிட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. பூவாத்தா மட்டும் அந்த ஒத்தை வார்த்தைய மூணு வருசமா அசைபோட்டுட்டே கெடந்தா. மாடு அசைபோட்டா பாலாச்சும் வரும். இவளுக்கு ஒரு நாள் வெடியால சாணி வழிச்சுட்டிருக்கையில ரோசனை வந்துச்சு. வூட்டு வாசப்படின்னுதான சொன்னாரு? சாளைக்கு ஏது வாசப்படி?

மாட்டை வித்தாங்க. தரை பேத்து டைல்ஸ் போட்டாங்க, மாடு தண்ணி குடிச்ச தாளிய மூஞ்சி கழுவுற தொட்டியாக்குனாங்க, மாட்டைக் கட்டுன முளைக்குச்சி இருந்த எடத்துல கட்டல் போட்டாங்க. கொத்துக்காரர் மாரப்பன் கதவு நெலவுக்கு அடியில படிக்கல்லு வெக்கப் போனப்ப பூவாத்தா ஓடி வந்து தடுத்தா.

"படி வேண்டாமுங்."

"படி இல்லீன்னா பாம்பு வருமே ஆத்தா."

"வந்தா அதுக்கும் ஒரு கட்டல் போட்டுக்கறேன். நீங்க பூசுங்க."

வூட்டு வாசல் வழியா வராம, பின்னால ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரித் தடத்துலயிருந்தே நேரா நொழையற மாதிரி தனியா ஒரு கேட்டும் வெச்சா. போன்ல தாரணிகிட்ட, "விருந்தாளியா வா கண்ணு, எவளோ பெங்களூர்க்காரி வந்தாப்பல வந்து தங்கீட்டுப் போ"ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சு, அடுப்படியில போய் மூக்கைச் சிந்துனா.

அதுக்குள்ள வேற விருந்தாளிக முந்திக்கிட்டாங்க. மொதல்ல வந்தது மாதேசு, சேலத்துக்காரன், மருந்துக் கம்பெனி ரெப்பு. மாத்திரைய விட வாய்ப்பேச்சுல நோவு தீர்க்குற ஆளு. ஒரு ராத்திரி படுத்தான், வெடியால எந்திரிச்சான், ஆப்பம் தின்னான், போனான். மறுநாள் பொழுது உழுகுற நேரத்துல பூவாத்தா வெளக்குப் பத்தவெக்க வந்தா, கழுத்துல டையும் கையில பையுமா சாளைக்கு முன்னால நிக்கறான். ஷூ ரெண்டும் வாயப் பொளந்து கெடக்குது.

"ஏந்தம்பி, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"தெரியலீங்கக்கா. சேலத்துல டாக்டரைப் பாக்க உக்காந்திருந்தேன். கால் எந்திரிச்சுருச்சு. தனியா எப்படி அனுப்பறதுன்னு நானும் கூடவே வந்துட்டேன்."

"சரி, கைகால் கழுவுங்க. சோறு ஆயிருச்சு."

அவ்வளவுதான் அன்னைக்குப் பேச்சு. மறுநாளும் வந்தான், அதுக்கு மறுநாளும் வந்தான். அடுத்த வாரம் தங்கீட்டுப் போன ஈரோட்டு டீச்சர் ஸ்டெல்லாவும் வர ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் சென்னையிலிருந்து வந்த புதுமாப்பிள்ளையும் பொண்ணும் வர ஆரம்பிச்சாங்க, கைய மட்டும் கோத்துக்கிட்டு, மூஞ்சிய ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கிட்டு. ஒரு ராத்திரி அந்தச் சாளையில கண்ணசந்தவன் எவனா இருந்தாலும், எந்தச் சீமையில இருந்தாலும், வெயில் சாயற நேரத்துல உள்ளங்கால் திரும்பிரும். பஸ்ஸுல இருந்தா எறங்கிரும், ரயில்ல இருந்தாலும் எறங்கிரும், கண்ணாலப் பந்தியில இலைக்கு முன்னால இருந்தாலும் பாயாசம் வரைக்கும்கூட நிக்காது. எத்தனை மைலு இருந்தாலும் ரோடு அவங்களுக்குச் சுருங்கிக் குடுக்கும், வெளக்கு வெக்கறதுக்குள்ள கொண்டாந்து விட்டுரும். ஆனா காலுக்குச் சுருக்கம் கெடையாது, எத்தனை மைலோ அத்தனைக்கும் தேஞ்சு வெடிச்சுத்தான் வந்து சேரும். நூறு வருசமா மேஞ்சுட்டு வந்த மாட்டைப் பொழுதோட கூப்பிட்டுப் பழகுன சாளை. டைல்ஸ் போட்டா மறந்துருமா?

ஊரு என்ன பண்ணுச்சுன்னா, ஊரு பண்ணுறதைத்தான் பண்ணுச்சு. ஒரே மாசத்துல பஸ் நிறுத்தத்துல செருப்புக் கடை வந்துருச்சு. வெடியால பஸ்ஸுல கண்டக்டரு அவங்க நாலு பேருக்கும் சீட்டுப் புடிச்சு வெச்சு, "எங்க சார் போறீங்க, திரும்பித்தான வரப்போறீங்க"ன்னு தெனமும் அதே சிரிப்பச் சிரிச்சாரு. பஞ்சாயத்துக் கூடி, இவங்க நாலு பேரும் எந்த ஊரு ஆளுகன்னு மத்தியானம் வரைக்கும் பேசி, பகலுக்கு அவங்கவங்க ஊரு, ராத்திரிக்கு நம்மூருன்னு தீர்ப்புச் சொல்லி எந்திரிச்சுது. சாளைய இடிச்சுப் போடுங்கன்னு மாதேசோட அப்பா வந்து அழுதாரு. ஓட்டைப் பிரிச்சும் பாத்தாங்க. நாலு பேரும் வந்து மொட்டைக் கூரைக்குக் கீழ மழையில நனைஞ்சுட்டு நின்னாங்க. வந்துதான் ஆகோணும்னா ஓட்டுக்குக் கீழயாச்சும் நிக்கட்டும்னு மறுபடி வேஞ்சாங்க. மேற்காலத் தெருப் பொம்பளை ஒருத்தி வந்து சாளைச் செவுத்துல ரெண்டே ரெண்டு செங்கல்லு கேட்டா, வூட்டுக்காரரு கட்டலுக்கு அடியில வெக்கோணுமாம். அவரு சாராயக்கடைக்குப் போகாம இருக்க இல்லைங்க, போனா திரும்பி வர்றதுக்கு.

சிரிக்காதது ஸ்டெல்லா ஒருத்திதான். அவளுக்கு ஆறு வயசுல பையன். பொழுதோட ரோட்டுல நடக்கையிலயே போன்ல, "பல்லு வெளக்குனியா? பெட்ஷீட்டு எடுத்துக்கிட்டியா?"ன்னு கேட்டுட்டே வருவா. அந்தப் பக்கம் அவன் என்ன கேப்பானோ, "வெடியால வந்துருவேன் சாமி, நீ கண்ணைத் தொறக்கையில நிப்பேன்"ம்பா. பூவாத்தா அவ காலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணையும் கொழச்சுப் பூசுவா. உள்ளங்கால்ல வெடிப்பு வெடிப்பா, காஞ்ச கொளம் மாதிரி. அந்தக் காலைப் பாத்த அன்னைக்குத்தான் பூவாத்தா போர்டு மேல சாக்கட்டியில எழுதுனா: பகலில் மட்டும் தங்கலாம். அன்னைக்கே தாரணிக்கும் போன் போட்டா. "வராத கண்ணு. ரூமு கெட்டுப்போச்சு."

அப்படியிருக்க, ஒரு வெசாழக்கெழமை மத்தியானம் நாச்சிமுத்து சோத்துல ரசத்தை ஊத்திட்டு, ரசத்துகிட்டச் சொல்றாப்பல சொன்னாரு: "அந்தப் புள்ளைய வரச்சொல்லு. சாளையில தங்கட்டும்."

மூணு வருசத்துல அவரு வாயில தாரணி பேச்சு வந்தது அதுதான் மொதத் தடவை. பூவாத்தா கரண்டியக் கீழ வெச்சா. மனசு எளகிருச்சுன்னு நெனச்சா. சாளைன்னு வாய் சொன்னாலும் புள்ள வந்து கண்ணு முன்னால நின்னா வூட்டுக்குள்ளயே கூப்புட்டுருவாருன்னு நெனச்சா. கறிக்கொழம்புக்கு மல்லி வறுத்தா, பழைய பாவாடைத் துணியைத் தொவைச்சுப் பேத்திக்குத் தூளி கட்டுனா.

ஞாயித்துக்கெழமை பன்னெண்டு மணி பஸ்ஸுல தாரணி வந்தா, இடுப்புல பத்து மாசப் பொட்டப்புள்ளையோட. இட்டேரித் தடத்துல வந்து, பின்கேட்டுல நொழஞ்சு, படியில்லாத ரூமுக்குள்ள கால் வெச்சா. பூவாத்தா அவ மூஞ்சியத் தடவுனா, மோந்து பாத்தா, "என்னடி இப்படி எளைச்சுட்டே, பனியன் கம்பெனியில உன்னையும் சேத்தியா கட்டிங் பண்றாங்க?"ன்னா. தாரணி சிரிச்சா. சிரிப்புப் பாதியிலயே அழுகையாத் திரும்பிருச்சு, ரெண்டு பேருக்கும்.

நாச்சிமுத்து வாசல்ல சேர் போட்டுப் பேப்பரை விரிச்சுப் புடிச்சிருந்தாரு. இந்தப் பக்கம் திரும்பல. பேப்பரு தலைகீழா இருந்துச்சு. கொழந்தைய எறக்கி விட்டதும் அது முட்டி போட்டு வாசலைத் தாண்டி விறுவிறுன்னு வூட்டுப்பக்கமாப் போச்சு. பூவாத்தா புடிக்கப் போகலை. சபதம் தாரணி காலுக்குத்தான, இந்த முட்டிக்கு என்ன? வாசப்படியில கையை ஊனி ஏறி உள்ள எட்டிப் பாத்துட்டுத் திரும்புச்சு. கொஞ்ச நேரத்துல பாத்தா பேப்பருக்குப் பின்னால ரெண்டு தலை.

பூவாத்தா போய்ப் பக்கத்துல நின்னா. "ஏனுங், பாத்தது போதுமுங். ஒரு வார்த்தை கூப்புடுங்க. உள்ள வந்து ஒரு வாய் சோறு திங்கட்டும்."

"நான் எதுக்குக் கூப்புடோணும்?"

"வரச்சொன்னது நீங்கதானுங்."

"சாளையில படுக்கச் சொன்னேன்." கொழந்தை அவரு மீசையப் புடிச்சு இழுத்துச்சு, இழுத்த எடத்துக்கு மூஞ்சியக் குடுத்துட்டே பேசுனாரு. "ஒரு ராத்திரி படுத்தாப் போதும். நாளையில இருந்து அவளா வருவா. தெனமும் வருவா. நானும் கூப்புட வேண்டாம், அவளும் கேக்க வேண்டாம், எவனும் ஒண்ணும் சொல்லவும் வேண்டாம்."

பூவாத்தா சாளைப் பக்கம் திரும்பிப் பாத்தா. கட்டல் மேல புது மெத்தை, புதுத் தலகாணி, கொழந்தைக்குன்னு ஓரத்துல சின்னதா ஒரு தலகாணி. இவ மல்லி வறுத்துட்டிருந்த நேரத்துல அவரு போட்டு வெச்சது. எத்தனை ஆசை இருந்தா அந்தச் சின்னத் தலகாணிய வாங்கியிருப்பாருன்னு நெனைக்கையில, அந்த ஆசைக்காக அழுவறதா அவரை அறையறதான்னு அவளுக்குத் தெரியல.

"திருப்பூர்ல இருந்து தெனமும் நடந்தா? கைப்புள்ளையோட? அவ புருசன் அங்க, இவ இங்க?"

"என்ற புள்ள என்ற வூட்டுக்கு வாரதுக்குக் கால் வலிக்குதும்பாளா?"

"உங்க வாய் ஒரு 'வா' சொல்றதுக்கு வலிக்குதே, அவ காலு நாப்பது மைலு வலிக்காதா?"

அவரு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கிட்டாரு.

பூவாத்தா சாளைக்கு வந்தா. தாரணிக்கு எல்லாம் கேட்டிருந்துச்சு. மெத்தை மேல கையை வெச்சுத் தடவிட்டே சொன்னா, "படுத்துக்கறேம்மா. பரவால்ல. தெனமும் பொழுதானா உன்ற மூஞ்சியப் பாக்கலாமில்ல. அவரும் வந்து பாப்பாரு. நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு வேற சொல்றாங்க."

கேட்டுக்கங்க, பூவாத்தாளுக்கு இந்த ஒலகத்துல வேண்டியிருந்தது அது ஒண்ணுதான். தெனமும் பொழுதோட அந்தக் கேட்டுல அந்தப் புள்ள வந்து நிக்கறது. மூணு வருசமா அதுக்குத்தான் மாட்டை வித்தா, தரை பேத்தா, பாம்புக்குக்கூட வழி விட்டா. இப்பத் தலைய ஆட்டுனாப் போதும். அவ தாரணி காலைப் பாத்தா. பூ மாதிரி இருந்துச்சுன்னு சொல்லமாட்டேன், பகல் பூரா மிஷின் மிதிக்கிற காலு, சாதாரணக் காலு. வெடிப்பு மட்டும் இல்லை. அவ இஷ்டத்துக்குப் போற காலு.

"எந்திரி"ன்னா பூவாத்தா. "நாலரை பஸ்ஸு."

"அம்மா..."

"எந்திரிடி. விருந்தாளி வந்தா போகோணும்."

ரெண்டு சீலையும் ஒரு சீப்பும் மஞ்சப் பையில போட்டா. அவளுக்கே தெரியல எப்ப எடுத்தான்னு. நேராப் போய் நாச்சிமுத்து மடியில இருந்த கொழந்தையத் தூக்குனா. கொழந்தை அவரு துண்டைப் புடிச்சுக்கிட்டு விடல, அவரும் துண்டை விடல. கடைசியில துண்டு கொழந்தையோட வந்துருச்சு.

"நானும் போறேன்"ன்னா பூவாத்தா. "புள்ள இல்லாத வூட்டுல எனக்கு என்ன வேலை?"

நாச்சிமுத்து கோவிக்கல, கத்தல. சேர்ல இருந்தபடியே, அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு சொல்றாப்பல சொன்னாரு: "போ. பொழுதோட வந்துருவ."

"வரமாட்டேன்."

"வந்துருவ."

பஸ்ஸுல ஜன்னலோரம் கெடைச்சுது. பூவாத்தா இருவது வயசுக்காரி மாதிரி கடலைக்காய் வாங்கி உரிச்சு உரிச்சு மக வாயிலயும் தன் வாயிலயும் போட்டா. தாரணி சொன்னா, ஒரே ரூமுதான், ஆனா மொட்டைமாடி இருக்குது, அவருக்குக் களி கிண்டத் தெரியாது நீ கிண்டிக் குடு, பக்கத்து வூட்டு அக்கா வாயாடி உனக்குச் சோடி. "மருமவன் என்னை என்னன்னு கூப்புடுவாரு?"ன்னு பூவாத்தா கேக்க, "அத்தைன்னுதான், பின்னே மேடம்னா?"ன்னா தாரணி. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல முன்சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு. ரோட்டோரம் சுத்துற காத்தாலையோட எறக்கை மேல வெயில் மஞ்சளாச் சாஞ்சுது. பல்லடத்துக்கு இன்னும் கொஞ்சந்தான்.

அப்ப உள்ளங்கால் கூசுச்சு.

மரத்துப் போச்சுன்னு நெனச்சு ஒதறுனா. ஒதறுன கால் கீழ ஊனாம வாசப்பக்கமாத் திரும்பி நின்னுச்சு. இன்னொண்ணும் திரும்புச்சு. பூவாத்தா ரெண்டு காலையும் பாத்தா. நான் ஒரு ராத்திரியும் அந்த ரூமுல படுக்கலையேன்னு நெனச்சா. நெனச்சு முடிக்கையிலயே எல்லாம் வெளங்கிருச்சு.

ரூமுலதான் படுக்கல. சாளையில படுத்திருக்கா. கட்டிட்டு வந்த மொத மாசத்துலயிருந்து, மாசாமாசம் தூரமான மூணு நாளும் மாமியா அவளை வூட்டுக்குள்ள விட்டதில்லை. கோணிச் சாக்கும் ஒரு சொம்புமாச் சாளையில மாட்டோட மாடாத்தான் கெடந்தா. அந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பொம்பளைக அத்தனை பேரும் அங்கதான் கெடந்தாங்க. தாரணி பெரியவளானப்ப மட்டும், மாமியாளோட மல்லுக்கு நின்னு, என்ற புள்ள சாணி நாத்தத்துல படுக்கமாட்டான்னு தன் பக்கத்துலயே படுக்க வெச்சுக்கிட்டா.

ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அம்மா வூட்டுக்குக் கூட்டீட்டுப் போன அன்னைக்கே பொழுதோட திரும்பி வந்து, "அங்க இருப்புக் கொள்ளலை"ன்னவ அவ. புருசன் மேல எத்தனை பாசம்னு ஊரே மெச்சுச்சு. அம்மா செத்து வாசல்ல கெடத்தியிருக்கையில, பொணத்தை எடுக்கறதுக்கு முன்னால, பால் பீச்சோணும்னு எந்திரிச்சு வந்தவளும் அவதான். கல்லு மனசுக்காரின்னு கூடப்பொறந்தவ அன்னையிலயிருந்து பேசறதில்லை. பாலு, சோறு, மாமியா, புருசன்னு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இவளே தேடி வெச்சுக்கிட்டா. ஈரோட்டு டீச்சரு திரும்பி வந்தா அதிசயம்னு பேப்பர்ல போடறான். பொம்பளை பொழுதோட அவ வூட்டுக்கு வந்து சேந்தா அதை எவன் அதிசயம்பான்?

"அம்மா, எங்க எந்திரிக்கறே? ஸ்டாப்பு இன்னும் வரல."

பூவாத்தா கொழந்தைய மக மடியில வெச்சா. கால் அதுக்குள்ள படிக்குப் போயிருச்சு, அவ மஞ்சப் பையோட கம்பியப் புடிச்சுப் பின்னால போனா. கண்டக்டரு விசிலடிச்சாரு. தாரணி அந்தக் காலைப் பாத்தா. அம்மா மூஞ்சியப் பாத்தா. புரிஞ்சுபோச்சு. கொழந்தையத் தூக்கிட்டு எந்திரிச்சா.

"நீ எறங்காத!" கீழயிருந்து பூவாத்தா கத்துனா. "வெளக்கு வெக்கற நேரம், உன்ற புருசன் தேடுவாரு. போ. பகலுக்குக் கயிறு இல்லை கண்ணு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பல்லடம் பஸ்டாண்டுல நில்லு, நான் வந்துர்றேன்!"

பஸ்ஸு கெளம்பிருச்சு. பின்கண்ணாடியில தாரணி கையும் கொழந்தை கையும் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டியிருந்துச்சு, அப்புறம் தூசிதான் இருந்துச்சு.

கொஞ்ச தூரம் தனியா நடந்தா. பின்னால சரக்கு சரக்குன்னு செருப்புச் சத்தம் கேட்டுச்சு. மாதேசு டையை அவுத்துத் தோள்ல போட்டுட்டு வந்தான், சென்னைச் சோடி வந்துச்சு, ஸ்டெல்லா போனைக் காதுல வெச்சுட்டு வந்தா.

"அட, அக்கா! எங்களைக் கூட்டீட்டுப் போறதுக்கே எதுக்க வந்துட்டீங்களா?"ன்னான் மாதேசு. அப்புறம் அவ கால் நடக்குற நடையப் பாத்தான். பாத்துட்டுக் கொரலைத் தணிச்சான். "நீங்க... நீங்க எப்பக்கா அங்க படுத்தீங்க?"

பூவாத்தா சீலையத் தூக்கிச் செருகிக்கிட்டா.

"இருவத்தொம்பது வருசமாச்சு தம்பி."

எல்லாத்துக்கும் ஒரு நக்கல் வெச்சிருக்கறவன், தோள்ல கெடந்த டையைச் சுருட்டிப் பைக்குள்ள திணிச்சான். ஸ்டெல்லா போன்ல, "இரு சாமி, ஒரு நிமிசம்"னு சொல்லிட்டு, பூவாத்தா கையிலிருந்த மஞ்சப் பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டா.

"ரோட்டுல ஜல்லி குத்தும்"னா பூவாத்தா. "அந்தக் கிளுவ வேலியோரமா மண் தடம் ஒண்ணு இருக்குது, காலுக்குக் கொஞ்சம் சொகமா இருக்கும். வாங்க."

சொன்னதுக்கப்புறந்தான் அவளுக்கே தட்டுச்சு, அந்தத் தடத்த அவ ஒரு நாளும் கண்ணால பாத்ததில்லைன்னு. கால் பாத்திருந்துச்சு. அது பாட்டுக்கு வேலியோரம் எறங்குச்சு, அவ அது பின்னால எறங்குனா, மத்தவங்க அவ பின்னால எறங்குனாங்க.